அணைக்கும்போது மட்டும் வரும் பிழை
சிவகாசி டி.டி.பி. சென்டர்களிலும் பட்டாசு அலுவலகங்களிலும் கடையடைக்கும் நேரத்தில் தலைகாட்டும் கோளாறு. அதைப் பிடிக்கும் வழி

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்று தொடங்கி மார்கழி முடிகிறவரை டி.டி.பி. சென்டர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நடுவில் தீபாவளி வேறு. பெட்டி லேபிள், கிஃப்ட் பாக்ஸ் விலைப்பட்டியல், ஜி.எஸ்.டி. பில் என்று பட்டாசு அலுவலகக் கணினிகளும் ராத்திரிவரை ஓடும். பகலெல்லாம் ஒழுங்காக உழைத்த கம்ப்யூட்டர், கடைசியில் ஷட்டவுன் கொடுத்ததும் திரையில் பிழைச்செய்திப் பெட்டியைக் காட்டி மக்கர் பண்ணும்.

"அண்ணாச்சி, இன்னைக்கும் அதே பெட்டி வந்திருச்சு."

"ஓகே குடுத்துட்டு மெயினை ஆஃப் பண்ணிரு தம்பி. காலைல பாத்துக்கலாம்."

காலையில் யாரும் பார்ப்பதில்லை. காலையில்தான் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுமே! வேலை முடிந்த பிறகு வருவதால் இந்தப் பிழை வேலையைக் கெடுக்காதது மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் அது நீடிப்பதற்கு அதுவே காரணம். ஆனால் ஷட்டவுனில் புதிதாகப் பிறக்கிற பிழைகள் குறைவு. காலையில் திறந்த ஏதோ ஒன்று இரவில் மூட மறுக்கிறது. அது எது என்று கண்டுபிடித்தால் போதும்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

ஷட்டவுன் கொடுத்ததும் கரன்ட் நின்றுவிடுவதில்லை. திறந்திருக்கும் ஒவ்வொரு புரோகிராமிடமும் விண்டோஸ் முதலில் 'மூடலாமா?' என்று கேட்கிறது. சில நொடிகளில் பதில் வராவிட்டால், அந்த புரோகிராம் ஷட்டவுனைத் தடுக்கிறது என்று திரையில் காட்டுகிறது. அடுத்து, பின்னணியில் ஓடும் சர்வீஸ்களை நிறுத்துகிறது. டிஸ்க்கில் இன்னும் எழுதாமல் மெமரியில் வைத்திருந்த தகவல்களை எழுதி முடிக்கிறது. கடைசியாக டிரைவர்கள் மூலம் கருவிகளை அணைத்து, மின்சாரத்தை நிறுத்தும்படி மதர்போர்டுக்குச் சொல்கிறது. விண்டோஸ் 95 காலத்தில் பல கணினிகளில் இந்தக் கடைசி வேலை நம்முடையது. இனி அணைக்கலாம் என்று திரையில் எழுத்து வரும். நாம் சுவிட்சை அழுத்துவோம். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-ல் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. விதிமுறை பரவிய பிறகு, கணினி தானே அணைவது வழக்கமானது.

ஆக, எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். டெஸ்க்டாப் தெரிகிறபோதே பெட்டி வந்தால் ஏதோ ஒரு புரோகிராம். டெஸ்க்டாப் மறைந்து, 'ஷட்டிங் டவுன்' என்ற எழுத்தோடு நிமிஷக்கணக்கில் சுற்றினால் சர்வீஸ், பிரின்டர் அல்லது நெட்வொர்க். நீலத்திரையில் 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' என்று வந்தால் ஏதோ ஒரு கருவியின் டிரைவர். ஷட்டவுன் கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆகிறதா? நீலத்திரை வந்த வேகத்தில் கணினி தானே மறுபடி கிளம்பியிருக்கலாம். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால் அந்த நீலத்திரை நின்று, படிக்கக் கிடைக்கும்.

பெட்டி வந்தால் ஓகே கொடுப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுங்கள். நீளமான நினைவக எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். பெட்டியின் தலைப்பில் இருக்கும் .எக்ஸி பெயர்தான் முக்கியம். பெட்டியே வராவிட்டால் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறக்கலாம். 1074 என்ற எண் யார், எந்த புரோகிராம் ஷட்டவுன் கொடுத்தது என்று சொல்லும். 6008, 41 ஆகிய எண்கள் இருந்தால் கணினி முறைப்படி அணையவில்லை என்று அர்த்தம். மெயினை ஆஃப் பண்ணிய ராத்திரிகள் எல்லாம் அங்கே தேதியோடு பதிவாகியிருக்கும்.

டி.டி.பி. சென்டரில் யார் மேல் சந்தேகம்?

திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். தமிழ் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டு, மூன்று வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரு பார்ட்டி பழைய எழுத்துருவில் மேட்டர் கொண்டுவருவார். இன்னொருவர் யூனிகோடில் வாட்ஸ்அப் பண்ணுவார். மூன்றாமவரின் பழைய பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்க வேறொன்று வேண்டும். விசையை அழுத்தியதும் தமிழ் எழுத்து விழ வேண்டுமென்றால், இந்த மென்பொருள்கள் திறந்திருக்கும் மற்ற புரோகிராம்களுக்குள்ளும் நுழைந்து விசைப்பலகையைக் கவனித்தாக வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக நுழைந்துகொண்டால் பகலில் ஒத்துப்போகும். மூடும்போது ஒன்று முந்திப் போய்விட, அது விட்டுப்போன மெமரியை இன்னொன்று தேட, 'மெமரியைப் படிக்க முடியவில்லை' என்ற பெட்டி வந்து நிற்கும். சோதிப்பது சுலபம். ஷட்டவுனுக்கு முன் அந்த ஐகான்களை ரைட் கிளிக் செய்து ஒவ்வொன்றாக எக்ஸிட் கொடுங்கள். பெட்டி வராவிட்டால் விஷயம் அங்கேதான். தினமும் தேவைப்படாததை ஸ்டார்ட்அப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இரண்டாவது சந்தேகம், பிரின்டர் வரிசை. புரூஃப் எடுக்கும் பிரின்டரை முதலில் அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவார்கள். பாதியில் நின்ற ஜாப் ஒன்று ஸ்பூலரில் மாட்டிக்கொண்டிருக்கும். வரிசையைத் திறந்து எல்லாவற்றையும் கேன்சல் செய்ய வேண்டும். போகாமல் அடம்பிடித்தால், பிரின்ட் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ் என்ற ஃபோல்டரில் கிடப்பதை அழித்துவிட்டு, சர்வீஸை மறுபடி தொடங்கலாம்.

மூன்றாவது, அணைக்கிற வரிசை. டிசைன் ஃபைல்களும் பில்லிங் டேட்டாவும் ஒரு மெஷினில் இருக்க, மற்ற மெஷின்கள் அதிலிருந்து எடுத்து வேலை செய்கிற அலுவலகங்கள் உண்டு. முதலாளி புறப்படும்போது அந்த முதன்மை மெஷினை அணைத்துவிட்டால், மற்றவை அதையே தேடிக்கொண்டு அணையாமல் நிற்கும். கடைசியாக அணைய வேண்டியது அதுதான்.

மிச்சம் வைக்காதே

பட்டாசு ஆலைகளில் ஒரு பால பாடம் உண்டு. அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். இரவு மிச்சம் வைக்கக் கூடாது. அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் சூடேறும். தானே பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. 2012-ல் வந்த விண்டோஸ் 8 இதற்கு நேர் எதிரான பழக்கத்தைக் கொண்டுவந்தது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி, ஷட்டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் மையப் பகுதியையும் டிரைவர்களையும் முழுதாக மூடுவதில்லை. அவை இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, காலையில் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால் கணினி சட்டென்று எழுந்திருக்கும். கோணல் ஆகிப்போன டிரைவரும் அதே கோணலோடு எழுந்திருக்கும்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், சி.பி.யூ.வின் கீழே 'அப் டைம்' என்பதைப் பாருங்கள். ராத்திரிதோறும் அணைக்கிற கணினியில் அது பல நாள்களைக் காட்டினால், அத்தனை நாளும் அது முழுதாக மூடவில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் மூடித் திறக்கும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும். அப்படி அணைத்த நாள்களில் பிழை வரவில்லை என்றால், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடலாம். காலையில் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் வைத்தியம் இரண்டு

ஒன்று, ரெஜிஸ்ட்ரியில் 'ஆட்டோஎண்ட்டாஸ்க்ஸ்' என்பதை 1 ஆக்குவது. பதில் சொல்லாத புரோகிராமைக் கேள்வி கேட்காமல் விண்டோஸ் மூடிவிடும். பெட்டி வராது, கோளாறு இருக்கும். சேவ் பண்ணாத லேஅவுட்டும் அதோடு போய்விடும்.

இன்னொன்று, 'ஃபார்மட் அடிச்சிரலாம்.' அடித்த அன்றைக்கே பழைய எழுத்துருக்கள், தட்டச்சு மென்பொருள்கள், டாங்கிள் டிரைவர், பிரின்டர் டிரைவர் எல்லாம் திரும்ப ஏறும். பிழையை உண்டாக்கியதும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள் வேலை கெட்டதுதான் மிச்சம்.

உருப்படியான வழி பாதி பாதியாகப் பிரிப்பது. எம்.எஸ்.கான்ஃபிக் திறந்து, சர்வீசஸ் பகுதியில் மைக்ரோசாஃப்டின் சர்வீஸ்களை மறைத்துவிட்டு, மிச்சமிருப்பதில் பாதியை நிறுத்தி ரீஸ்டார்ட் செய்து, பிறகு ஷட்டவுன் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிழை நின்றால் குற்றவாளி நிறுத்திய பாதியில். நிற்காவிட்டால் ஓடுகிற பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கலாம். பதினாறு சர்வீஸ் இருந்தாலும் நான்கே சோதனையில் ஆள் சிக்கிவிடும். ஒவ்வொரு ராத்திரியும் எதை நிறுத்தினோம், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், சர்வீஸுக்கு வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இதைக் கார்த்திகை, மார்கழியில் ஆரம்பிக்காதீர்கள். பிளேட் போக வேண்டிய ஃபைல்கள் வரிசையில் நிற்கும்போது ஐகான்களுக்கு எக்ஸிட், முழு ஷட்டவுன், சரியான அணைக்கும் வரிசை ஆகிய மூன்றோடு சமாளித்துக்கொள்ளலாம். தினசரி பேக்கப் மட்டும் தவறக் கூடாது. தை பிறந்து காலண்டர் பார்சல்கள் புறப்பட்ட பிறகு ராத்திரிக்கு ஒரு சோதனை என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத்துக்குள் பிழைக்கு ஒரு பெயர் கிடைத்துவிடும். அடுத்த ஆல்பம் வேலை தொடங்குவதற்குள் அதைச் சரிசெய்யவோ மாற்றவோ தாராளமாக நேரம் இருக்கிறது.