நாண் பூட்டிய வில்

கொச்சியிலிருந்து தனுஷ்கோடி செல்லும் நெடுஞ்சாலையில், மூணாறு மலைக்கு ஏறும் முன் குறுக்கிடுவது பெரியாறு. நேரியமங்கலம் என்னும் சிற்றூரில் அவ்வாற்றின்மீது ஐந்து வளைவுகள் கொண்ட கான்கிரீட் பாலம் ஒன்று நிற்கிறது. நீளம் 214 மீட்டர். அகலமோ 5 மீட்டருக்கும் குறைவு. தேயிலை மலையில் வேலை தேடிச் சென்ற தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றில் பிறந்த எனக்கு, அது பாலமாக மட்டும் தோன்றுவதில்லை. மலைக்கு வாயிற்படி அது.

அப்பாலம் எழுந்ததற்கு ஒரு பெருவெள்ளமே காரணம். 1924 ஜூலையில் பெய்த மழையை மலையாள நாட்டார் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பர்; கொல்லம் ஆண்டு 1099 அல்லவா! மூணாற்றில் ஓடிய குண்டளைச் சிறு ரயில் பாதை அதில் அழிந்தது. ஆலுவாயிலிருந்து மாங்குளம் வழியே மலையேறிய பழைய பாதையும் சிதைந்தது. பின்னரே நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதுச் சாலை அமைந்தது. 1935 மார்ச்சில் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பாலத்தைத் திறந்து வைத்தார்.

வளைவு எதற்கு? அழகுக்கா? ஒரு மூங்கில் பிளாச்சை வளைத்து மேசைமேல் நிறுத்தி, நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். இரு முனைகளும் வெளிப்புறமாக நழுவி ஓடும். பாரத்தை வளைவு தன்னுள் அமுக்கமாக மாற்றி முனைகளுக்கு அனுப்புகிறது. முனைகளோ அதைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. வளைவு தாழத் தாழ இத்தள்ளுவிசை மிகும். அமுக்கத்தைக் கான்கிரீட் எளிதில் தாங்கும், இழுவிசைக்குத்தான் அஞ்சும். ஆகவே முனைகளைப் பிடித்து நிறுத்திவிட்டால் போதும்.

யார் பிடிப்பது? நேரியமங்கலத்தில் ஆறு அகன்று செல்கிறது. நடுவாற்றுத் தூண்கள் பக்கத் தள்ளலைத் தாங்கமாட்டா. பிளாச்சின் இரு முனைகளையும் நூலால் கட்டிவிடுங்கள். இப்போது அழுத்தினாலும் நழுவாது. அந்த நூலின் வேலையைச் செய்வதுதான் சாலைத்தளத்தோடு செல்லும் இழுகட்டு. வில்லுக்கு நாண் போல! இவ்வகையில் தூண்களுக்கு நேர்கீழான பாரமே மிஞ்சுகிறது.

இதே ஆற்றில் மேலே சென்றால் இடுக்கி. பெயரே சொல்கிறது, இடுக்கான இடம். குறவன், குறத்தி என்னும் இரு பாறைமலைகளின் நடுவே பெரியாறு நுழைந்து செல்லும் பள்ளம். அவ்விடத்தைக் காட்டியவர் கொலும்பன் என்னும் பழங்குடித் தலைவர். அங்கே நாண் தேவையில்லை. மலைகளே முனைகளைப் பிடித்துக்கொள்ளும். கனடா நாட்டின் உதவியோடு எழுந்து, 1976இல் நாட்டுக்கு அளிக்கப்பட்ட வளைவணை, படுக்கவைத்த வில்லாகத் தண்ணீரை நோக்கிப் புடைத்து நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 169 மீட்டர். நீரில் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம் கூடும். 150 மீட்டர் ஆழத்தில் 150 டன்! அத்தனையும் குறவனும் குறத்தியும் ஏற்கின்றனர்.

ஆனால் இடுக்கில் பாலத்துக்கு வேறொரு தொல்லை. வெள்ளம் பக்கவாட்டில் பரவ இடமின்றி மேலே உயர்கிறது; விரைவும் மிகுகிறது. விரைவு இருமடங்கானால் தூணை மோதும் விசை நான்கு மடங்காகும். அடித்துவரும் மரங்கள் தூணிடைச் சிக்கினால் பாலமே அணையாகிவிடும்.

2018 ஆகஸ்டில் இது கண்முன் நடந்தது. வளைவணையில் மதகுகள் இல்லை. அருகிலுள்ள செறுதோணி அணையில்தான் உண்டு. 26 ஆண்டுகளுக்குப் பின் அவற்றைத் திறந்தனர். கீழே, செறுதோணி ஊரின் தாழ்ந்த பாலத்தை வெள்ளம் மூடியது. நீர் வடிந்தபோது பாலம் நின்றது. அதற்குச் செல்லும் சாலையின் மண்தான் கரைந்து போயிருந்தது. தூண் உறுதியாயிருந்தும் கரைக்குக் கரை போக வழியில்லை! அதன்பின் அங்கே எழுந்த புதிய பாலத்தை, ஆற்றுக்கு வெகு உயரத்தில் கட்டினார்கள்.