காட்டையே பார்க்காமல் காடு வரைந்த சுங்கச்சாவடி ஊழியர்!

நிலா வெளிச்சத்தில் ஒரு பாலைவனம். கோடு போட்ட அங்கி அணிந்த நாடோடிப் பெண் ஒருத்தி அசந்து தூங்குகிறாள். பக்கத்தில் ஒரு மாண்டலின், ஒரு தண்ணீர்க் கூஜா. அவள் தோளருகே மூக்கை நீட்டியபடி நிற்கிறது ஒரு சிங்கம். அது அவளைத் தின்னப்போகிறதா, காவல் காக்கிறதா? இல்லை, அந்தச் சிங்கமே அவள் காணும் கனவா?

1897-ல் 'தூங்கும் நாடோடிப் பெண்' என்ற இந்த ஓவியத்தை வரைந்தவர் ஹென்றி ரூசோ. (தத்துவஞானி ரூசோ வேறு, இவர் வேறு!) கனவுக்கும் ஆழ்மனதுக்கும் முதலிடம் தரும் சர்ரியலிச இயக்கத்துக்கு ஆந்த்ரே பிரெதோன் அறிக்கை எழுதியது 1924-ல். அதற்கு 27 வருடங்கள் முன்பே இப்படியொரு கனவை வரைந்தவர், எந்த ஓவியக் கல்லூரியிலும் படித்ததில்லை. பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வசூலித்த சாதாரண ஊழியர் அவர்!

சிரிக்க வந்த கூட்டம்

1844-ல் பிரான்ஸின் லாவால் என்ற ஊரில் பிறந்தார் ரூசோ. 40 வயதை ஒட்டித்தான் தீவிரமாக வரைய ஆரம்பித்தார். மனைவி இறந்துபோனார். பெற்ற பிள்ளைகளில் பலரையும் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். ஆனாலும் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. 49 வயதில் வேலையை விட்டுவிட்டு, சொற்ப பென்ஷனையும் வயலின் வகுப்பில் கிடைத்த காசையும் நம்பி முழுநேர ஓவியரானார்.

யார் வேண்டுமானாலும் படம் வைக்கலாம் என்ற கண்காட்சியில் 1886 முதல் அவர் படங்கள் இடம்பெற்றன. 'குழந்தை கிறுக்கியதுபோல இருக்கிறது' என்று சிரிப்பதற்கென்றே கூட்டம் வந்தது. ரூசோ என்ன செய்தார் தெரியுமா? தன்னைக் கேலி செய்த விமர்சனங்களையும் கத்தரித்து, நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டார்!

காட்டுக்குள் ஒரு சோபா

புலி, குரங்கு, ராட்சத இலைகள் என அவர் வரைந்த காடுகள் புகழ்பெற்றவை. ஆனால், அவர் பிரான்ஸைவிட்டு வெளியே போனதே இல்லை. பாரிஸின் தாவரவியல் பூங்காவும், அங்கிருந்த கண்ணாடிக் குடில்களும், பாடம் செய்யப்பட்ட விலங்குகளும், படப் புத்தகங்களும்தான் அவருடைய காடு.

1910-ல் வரைந்த 'கனவு' ஓவியத்தில், அடர்ந்த காட்டின் நடுவே சோபாவில் சாய்ந்திருக்கிறாள் ஒரு பெண். 'காட்டில் சோபா எப்படி வந்தது?' என்று கேட்டவர்களுக்கு, 'அவள் தூங்குவது சோபாவில்; காடு அவள் காணும் கனவு' என்ற பொருளில் விளக்கம் சொன்னார் ரூசோ. கனவில் எதுவும் எதன் பக்கத்திலும் இருக்கலாம். சர்ரியலிஸ்ட்கள் பின்னாளில் பிடித்துக்கொண்டதும் இதைத்தான்.

ஐந்து பிராங்க் ஓவியம்

1908-ல் பழைய பொருள் கடை ஒன்றில் ரூசோவின் ஓவியத்தை 5 பிராங்குக்கு வாங்கினார் இளைஞர் பிக்காஸோ. 'இதன்மேல் நீங்கள் வேறு படம் வரைந்துகொள்ளலாம்' என்றார் கடைக்காரர். பிக்காஸோ அதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். அதே ஆண்டு ரூசோவுக்குத் தன் ஸ்டுடியோவில் விருந்தும் வைத்தார். அது பாதி கேலி, பாதி மரியாதை. ரூசோ அதை முழு மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருடங்களில் இறந்தார். ஏழைகளுக்கான கல்லறையில் புதைத்தார்கள். பிறகு நண்பர்கள் தனி இடம் வாங்கிக் கல் வைத்தார்கள். அந்தக் கல்லுக்குக் கவிதை எழுதியவர் அப்போலினேர். 1917-ல் 'சர்ரியலிசம்' என்ற சொல்லையே உருவாக்கியவர் அவர்தான்!

தன் ஊருக்குத் தன் நினைவாக இருக்கட்டும் என்று 'தூங்கும் நாடோடிப் பெண்' ஓவியத்தை 1,800 பிராங்குக்குக்கூடத் தரத் தயார் என லாவால் மேயருக்கு 1898-ல் எழுதினார் ரூசோ. வேண்டாம் என்றது ஊர். இன்று அந்த ஓவியம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் பொக்கிஷங்களில் ஒன்று. லாவாலுக்கு ரூசோவின் கல்லறை கிடைத்தது. 1947-ல் பாரிஸிலிருந்து அதைத் தன் பூங்காவுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டது அந்த ஊர்!