‘செட்டப்’ செய்த போட்டோ பொய்யா? புனைவுப் படம் எடுக்கும் மாணவர்கள் கேட்க வேண்டிய 2 கேள்விகள்

2018 ஜூலையில் வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு படத் தொடர் வெளியானது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேச கிராமங்களைச் சேர்ந்த மக்கள் ஒரு மேஜைக்குப் பின்னால் நிற்கிறார்கள். மேஜை மேல் விருந்து பரப்பியிருக்கிறது. நிற்பவர்களோ கைகளால் கண்களை மூடியிருக்கிறார்கள். அந்த உணவு எல்லாமே போலி.

எடுத்தவர் இத்தாலியப் புகைப்படக்காரர் அலெஸ்ஸியோ மாமோ. மேஜையையும் போலி உணவையும் தானே கொண்டுபோனதாகவும், ‘இந்த மேஜையில் என்ன சாப்பாடு இருந்தால் நன்றாக இருக்கும் என்று கனவு காணுங்கள்’ என்று மக்களிடம் சொன்னதாகவும் அவரே விளக்கமும் எழுதியிருந்தார். கண்டனங்கள் குவிந்தன. மனம் புண்பட்டவர்களிடம் மாமோ பிறகு மன்னிப்பு கேட்டார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. உணவு போலி, காட்சி ஏற்பாடு செய்தது என்று வெளிப்படையாகத்தான் சொன்னார். ஆனாலும் பார்த்தவர்களுக்கு ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று தோன்றியது. அந்தத் தப்பு எங்கே இருக்கிறது?

நீங்கள் விஸ்காம், கவின்கலை, இதழியல் என எதையாவது படிப்பவர் என்றால், அல்லது செல்போனிலேயே ஒரு கதையைப் படமாக்கிப் பார்க்க நினைப்பவர் என்றால், இந்தக் கேள்வி சீக்கிரமே உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

புனைவுப் படம் என்றால் என்ன?

தெருவில் தானாக நடப்பதைப் படம் பிடிப்பது ஒரு வகை. கேமராவுக்கு முன்னால் ஒன்றை நடக்க வைத்துப் பிடிப்பது இன்னொரு வகை. இரண்டாவதை ஸ்டேஜ்டு போட்டோகிராபி என்கிறார்கள். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் ‘செட்டப்’ செய்த படம். ஆள், உடை, வெளிச்சம், இடம் எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும்.

இதிலிருந்து இன்னும் ஒரு படி தள்ளிப் போனால் கன்ஸ்ட்ரக்டட் போட்டோகிராபி, அதாவது கட்டமைத்த படம். இங்கே படத்துக்குள் இருக்கும் உலகத்தையே புகைப்படக்காரர் உருவாக்குகிறார். ஜெர்மனியின் தாமஸ் டிமாண்ட் காகிதத்திலும் அட்டையிலும் ஓர் அறையை நிஜ அளவிலேயே கட்டி, அதைப் படம் எடுத்துவிட்டு, பிறகு அழித்துவிடுவார். கனடாவின் ஜெஃப் வால் வேறு வழியில் போனார். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் காற்று வீசும் காட்சி ஒன்றை 1993இல் மறு உருவாக்கம் செய்தார். ஒரே நொடியில் நடந்ததுபோலத் தெரியும் அந்தப் படம், நடிகர்களை வைத்து எடுத்த 100க்கும் மேற்பட்ட படங்களைக் கணினியில் இணைத்து உருவானது.

இது போட்டோஷாப் காலத்து விஷயம்தானே?

இல்லை. புகைப்படம் பிறந்த மறு வருடமே இது தொடங்கிவிட்டது.

1839இல் பிரெஞ்சு அரசு லூயி டகேரின் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தது. அதே காலத்தில் வேறொரு முறையைக் கண்டுபிடித்திருந்த ஹிப்போலிட் பயார் கண்டுகொள்ளப்படவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? 1840இல், தண்ணீரில் மூழ்கி இறந்த பிணம்போலத் தன்னையே படம் எடுத்தார். அரசு கைவிட்டதால் இந்த மனிதர் இறந்துபோனார் என்று அதன் பின்புறத்தில் எழுதியும் வைத்தார். புகைப்பட வரலாற்றின் முதல் புனைவுப் படங்களில் ஒன்று, புறக்கணிக்கப்பட்ட ஒருவரின் புகார் மனு.

1857இல் ஆஸ்கர் ரைலாண்டர் 30க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். அதன் பிரதி ஒன்றை விக்டோரியா மகாராணியே வாங்கினார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன், காசநோயில் இறந்துகொண்டிருக்கும் ஓர் இளம்பெண்ணையும் சுற்றி நிற்கும் குடும்பத்தையும் 5 நெகட்டிவ்களில் காட்டினார். அந்தப் பெண் நோயாளி கிடையாது, போஸ் கொடுத்தவர்தான். இவ்வளவு வேதனையான விஷயத்தைக் கேமராவுக்காக உருவாக்கலாமா என்று அன்றைக்கே சண்டை நடந்தது.

இந்தியாவுக்கும் இது புதிதில்லை. ராஜஸ்தானின் நாத்துவாராவில் பக்தர்களின் முகத்தைப் போட்டோவிலிருந்து வெட்டி, ஸ்ரீநாத்ஜி முன் வழிபடும் ஓவியத்தில் ஒட்டித் தந்தார்கள். போட்டோவில் இருப்பவர் அந்த நாளில் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டுங்கள். திரையில் வரைந்த மாளிகை, யாருக்கும் போன் வராத டெலிபோன், ஓடாத மோட்டார் சைக்கிள் என்று ஸ்டூடியோ சாமான்கள் கண்ணில் படலாம். அதைப் பொய் என்று யாராவது திட்டினார்களா? இல்லையே. அது ஸ்டூடியோ என்பது எடுத்தவருக்கும் தெரியும், நின்றவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும்.

அப்போ எது பொய் ஆகிறது?

பார்ப்பவருக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைக் காட்டும்போது.

1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் பிரிட்டிஷ் படை சுமார் 2,000 கிளர்ச்சி வீரர்களைக் கொன்றது. பெலிசே பியாட்டோ என்ற புகைப்படக்காரர் அங்கே போய்ச் சேர்ந்தது 1858இல்தான். அவர் எடுத்த புகழ்பெற்ற படத்தில், சிதைந்த கட்டடத்தின் முன்னால் மண்டை ஓடுகளும் எலும்புகளும் சிதறிக் கிடக்கின்றன. போர் முடிந்து மாதங்கள் ஆன பிறகு! படத்துக்காக எலும்புகள் வெளியே எடுத்துப் பரப்பப்பட்டன என்பதே பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. பார்த்தவர்களுக்கோ அது போர்க்களத்தின் நேரடிச் சாட்சியாகப் போய்ச் சேர்ந்தது. இறந்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவும் இல்லை.

சமீபத்திய உதாரணம் 2015இல் நடந்தது. பெல்ஜியத்தின் சார்லரோய் நகரம் பற்றிய தொடருக்காக ஜியோவானி ட்ரோய்லோவுக்குத் தரப்பட்ட வேர்ல்டு பிரஸ் போட்டோ பரிசு திரும்பப் பெறப்பட்டது. சில காட்சிகள் ஏற்பாடு செய்தவை என்ற புகார்தான் முதலில் கிளம்பியது. ஆனால் பரிசு பறிபோனதற்குக் காரணம் வேறு. தொடரில் இருந்த ஒரு படம் சார்லரோயில் எடுத்ததே இல்லை, பிரஸ்ஸல்ஸின் மோலன்பேக்கில் எடுத்தது என்று தெரியவந்தது. படத்தைவிட அதன் கீழே இருந்த வரிதான் அவரை மாட்டிவிட்டது.

இங்கேதான் முதல் கேள்வி பிறக்கிறது: நான் எப்படி எடுத்தேன் என்பது பார்ப்பவருக்குத் தெரியுமா?

உண்மையைச் சொல்லிவிட்டால் போதுமா?

போதாது. மாமோவின் மேஜை அதைத்தான் காட்டியது. முதல் கேள்வியில் அவர் பாஸ். சிக்கல் அடுத்த இடத்தில் இருக்கிறது. அந்தக் கற்பனை யாருடையது? மேஜையை வைத்தவர் அவர், கண்ணை மூடச் சொல்லும் யோசனை அவருடையது, படம் போய்ச் சேர்ந்த பார்வையாளர்களும் அவருடையவர்கள். நின்றவர்கள் பசி என்ற ஒற்றைச் சொல்லாக மட்டும் மிஞ்சினார்கள்.

இந்த வழக்கத்துக்கும் இங்கே நீண்ட வரலாறு உண்டு. 1868 முதல் 1875 வரை ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ என்ற 8 தொகுதிகளைப் பிரிட்டிஷார் வெளியிட்டார்கள். 450க்கும் மேற்பட்ட புகைப்படங்கள். இந்த இனம் இப்படி இருக்கும், இந்தச் சாதி இப்படி இருக்கும் என்று மனிதர்களை வகைவாரியாக அடுக்கினார்கள். 1890களில் அந்தமானில் மாரிஸ் விடால் போர்ட்மன் என்ற அதிகாரி, பழங்குடிகளைக் கட்டம் போட்ட திரையின் முன்னால் நிறுத்தி, உடலை அளப்பதற்காகவே படம் எடுத்தார். அறிவியல் ஆவணம் என்ற பெயரில் வந்தாலும் இவையும் ஏற்பாடு செய்த படங்கள்தான். இயக்குநர் ஒருவர், நிற்க வைக்கப்பட்டவர் இன்னொருவர்.

ஆகவே இரண்டாவது கேள்வி: படத்தில் இருப்பவருக்கு இந்தக் கற்பனையில் பங்கு உண்டா?

இதற்கு நம் நாட்டுக் கலைஞர்கள் என்ன பதில் தந்தார்கள்?

பெங்களூருவில் பிறந்த புஷ்பமாலா என். அடிப்படையில் சிற்பி. 2000 முதல் 2004 வரை, புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து ‘தென்னிந்தியப் பெண்கள்’ பற்றி ஒரு பெரிய தொடரைச் செய்தார். ரவி வர்மாவின் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, தமிழ் சினிமா ஸ்டில், போலீஸ் பிடித்த பெண்களின் செய்தித்தாள் படம் என்று நாம் பார்த்துப் பழகிய உருவங்களை செட் போட்டு, திரை வரைந்து, உடை தைத்து மறுபடி உருவாக்கினார். அவற்றில் அவரே நடித்தார். காலனிய அதிகாரிகள் பயன்படுத்திய அதே கட்டத் திரையின் முன்னாலும் தானே போய் நின்றார். அளக்கப்படும் உடல் அவருடையதாக இருப்பதால், அளந்தவரின் பார்வை எவ்வளவு விசித்திரமானது என்பது பார்ப்பவருக்குச் சட்டென உறைக்கிறது.

இன்னொரு வழி கௌரி கில் எடுத்தது. மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் ஜவ்ஹார் என்ற ஊர். அங்குள்ள கோக்ணா, வார்லி பழங்குடிக் கலைஞர்கள் போஹாடா திருவிழாவுக்குக் காகிதக் கூழில் தெய்வ முகமூடிகள் செய்பவர்கள். 2015இல் தொடங்கிய தொடருக்காக அவர்களிடம் கில் ஒரு வேண்டுகோள் வைத்தார்: தெய்வங்களை விட்டுவிட்டு, உங்கள் அன்றாட வாழ்க்கைக்கு முகமூடி செய்து தாருங்கள். மனித முகங்களோடு விலங்கு, பறவை, டிவி எல்லாம் முகமூடிகளாயின. ஊர்க்காரர்கள் அவற்றை அணிந்துகொண்டு தங்கள் வீடு, கடை, தெரு என்று காட்சிகளை நடத்தினார்கள். முகமூடிக் கலைஞர்கள் சுபாஷ், பகவான் தர்மா கடு ஆகியோரின் பெயர் இந்தத் தொடரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. 2018இல் நியூயார்க்கின் மோமா பிஎஸ்1 அருங்காட்சியகம் வரை இந்தப் படங்கள் போயின.

கிராமத்து மனிதர்கள், முட்டுப் பொருள்கள், மறைந்திருக்கும் முகம், வெளியூரிலிருந்து வந்த கேமரா. மேலோட்டமாகப் பார்த்தால் மாமோவின் தொடரிலும் கில்லின் தொடரிலும் இவை பொதுதான். ஆனால் ஜவ்ஹாரில் முட்டுப் பொருளைச் செய்தவரே படத்தின் இன்னொரு ஆசிரியர். அதனால்தான் பார்ப்பவருக்கு அங்கே பரிதாபம் வருவதில்லை, ஆர்வம் வருகிறது.

ஏஐ வந்த பிறகும் இதெல்லாம் பொருந்துமா?

முன்னைவிட அதிகமாகவே. 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மன் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தன் படம் ஏஐயால் உருவானது என்று சொல்லி விருதை மறுத்துவிட்டார். புனைவுப் படத்தில் எவ்வளவு கற்பனை இருந்தாலும், லென்ஸுக்கு முன்னால் ஏதோ ஓர் ஆளோ அட்டையோ உண்மையில் நின்றிருக்கும். ஏஐ படத்தில் அப்படி யாரும் நிற்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே திரையில், ஒரே அளவில், ஒரே பளபளப்பில் வருவதால், எது எப்படி உருவானது என்று சொல்லும் பொறுப்பு எடுத்தவருக்குக் கூடுகிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

வறட்சி பற்றி ஒரு தொடர் செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வறண்ட ஏரியில் ஒரு விவசாயியைத் தலையில் கைவைத்து உட்காரச் சொல்கிறீர்கள். படம் அருமையாக வரும். அதைச் செய்திப் படமாக வெளியிட்டால் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுவீர்கள். ‘இது ஏற்பாடு செய்த காட்சி’ என்று எழுதினால் முதல் கேள்வி தாண்டியாயிற்று. ஆனால் தலையில் கைவைக்கும் யோசனை இன்னும் உங்களுடையதுதான்.

அவரிடமே கேட்டுப் பாருங்கள்: ‘இந்த வருஷத்தை ஒரே காட்சியில் காட்டணும்னா நீங்க என்ன காட்டுவீங்க?’ அவர் அடகுக்கடை ரசீதை எடுத்து நீட்டலாம். விற்றுவிட்ட மாட்டின் வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ‘எனக்கு இந்தப் படமே வேண்டாம் தம்பி’ என்றும் சொல்லலாம். மூன்றுமே உங்களுக்குக் கிடைத்த பதில்கள்தான்.

படம் எடுக்கப் போகும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

• காட்சி யாருடைய யோசனை? உங்களுடையதா, அவருடையதா, இருவருடையதுமா?
• படம் எங்கெல்லாம் போகும் என்று அவருக்குச் சொன்னீர்களா? வகுப்பறைக்கு மட்டும் சரி என்றவர், இன்ஸ்டாகிராமுக்கும் சரி என்றதாக ஆகிவிடாது.
• எது உண்மை, எது ஏற்பாடு? இடம் உண்மை, உடை வாடகை, நடித்தவர் நண்பர் என்று பிரித்து எழுதுங்கள்.
• எடுத்த பிறகு அவரிடம் படத்தைக் காட்டி, குறிப்பை வாசித்துக் காட்டினீர்களா?

இந்தத் தாளிலிருந்தே உங்கள் படக் குறிப்பு தயாராகிவிடும். குறிப்பைப் படத்தின் கீழேயே போடுங்கள். தனிப் பக்கத்தில் போட்டால், யாராவது படத்தை மட்டும் எடுத்துப் பகிரும்போது குறிப்பு பின்தங்கிவிடும்.

முதல் முயற்சிக்கு வேறு ஆளைத் தேடவும் வேண்டாம். பயாரும் புஷ்பமாலாவும் செய்ததுபோல உங்களையே நிறுத்திப் பாருங்கள். டைமரை வைத்துவிட்டு, கேமராவின் அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். ‘கொஞ்சம் சோகமா பாருங்க’ என்று ஒருவரிடம் சொல்வது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பது அங்கே நிற்கும்போது தெரியும்.