குரல்வழிக் கூட்டத்திற்கு ஏற்ற செயலி எது?

தொலைவிலுள்ள பலர் ஒரே வேளையிற் கூடி வாய்மொழியாகக் கலந்துரையாடுதல் இன்று எளிய செயலாகிவிட்டது. கைப்பேசியும் இணையத் தொடர்பும் இருந்தாற் போதும். அதற்கென அமைந்த செயலிகளும் பல உள்ளன. ஆயின், அவற்றுள் எதனைக் கொள்வது என்னும் வினா எழும்போது நம்மவருட் பெரும்பாலார் படத்தின் தெளிவையும், எத்தனை பேர் சேரலாம் என்பதையும், இலவசமா என்பதையுமே ஆராய்கின்றனர். குரல் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதைக் கடைசியாகவே நோக்குகின்றனர். கூட்டமோ பேசுவதற்கென்றே கூட்டப்படுகிறது. ஆதலின் ஆராய்ச்சியைக் குரலிலிருந்து தொடங்குவதே முறை.

நம் ஆசிரியர்க்கு இது சிறு செய்தியன்று. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிற் பல, 150 மாணவருக்கும் குறைந்த சிறு பள்ளிகள். அத்தகைய பள்ளியில் ஆறாம் ஆண்டிற்குத் தமிழ் கற்பிப்பவர் ஒருவரே இருப்பார். ஒரு கட்டுரைக்கு எத்தனை புள்ளி இடலாம் என்று கேட்டுத் தெளிய அடுத்த வகுப்பில் ஆள் இல்லை. அண்டை வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்களோடு மாலையிற் கூடிப் பேசும் அரைமணி நேரமே அவருக்கு ஆசிரியர் அறை. அந்த அரைமணியில் அவருடைய குரல் எடுபடவில்லையெனின், இரண்டு கூட்டம் பார்ப்பார். மூன்றாவதில் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருப்பார். மற்றவர்களோ அவரைக் கூச்சமுடையவர் என்று எண்ணிவிடுவர். குறை ஆளிடத்தில் இல்லை, தொடர்பில் இருக்கிறது என்பதை எவரும் உணரார்.

இந்தத் தவறான எண்ணத்திற்கு முதற் காரணம் தாமதம். நேரிற் பேசும்போது ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்குவதற்கு இடையே கழியும் நேரம் மிகச் சிறிது. பத்து மொழிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, அஃது ஏறத்தாழ 200 மில்லிவிநாடி, அதாவது விநாடியில் ஐந்திலொரு பங்கு என்று கண்டது. (அப்பத்தில் தமிழ் இடம்பெறவில்லை. நம்மவர் கூட்டங்களில் அவ்வளவு நேரங்கூட எவரும் காத்திருப்பதாகத் தெரியவில்லை.) அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இதற்கோர் அளவு வகுத்துள்ளது. ஒரு முனையிற் பேசிய சொல் மறுமுனையை 150 மில்லிவிநாடிக்குள் அடையின் நன்று, 400ஐத் தாண்டலாகாது. தாண்டினால் நிகழ்வது யாது? ஒருவர் முடித்ததை நீங்கள் அறிந்து வாய் திறக்குமுன், அருகிலுள்ள நல்ல தொடர்புடையவர் பேசத் தொடங்கியிருப்பார். நீங்கள் குறுக்கிட்டவராகத் தோன்றிப் பின்வாங்க நேரும். செம்பனைத் தோட்டத்தின் உட்பகுதியில், குன்றின் மறைவில் அலைவரிசை குன்றிய இடத்திலிருந்து பேசுபவர்க்கு இந்நிலை நாள்தோறும் உண்டு.

அடுத்தது ஒலியின் அகலம். பழைய தொலைபேசி, 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே சுமந்தது. ஸகரம் போன்ற உரசொலிகளின் வலுவோ பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது. தொலைபேசியில் ஒரு பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கூறும்போது ‘எஸ்’ என்றது ‘எஃப்’ என்று கேட்பதன் காரணம் இதுவே. இக்காலச் செயலிகளிற் பல, ஓப்பஸ் என்னும் ஒலிச்சுருக்க முறையைக் கையாளுகின்றன. 2012இல் தரப்படுத்தப்பட்ட இம்முறை 20,000 ஹெர்ட்ஸ் வரை சுமக்க வல்லது. தொடர்பு நலிவுற்றால் விநாடிக்கு 6 கிலோபிட் அளவிற்குச் சுருங்கியும், வளமுற்றால் விரிந்தும் கொடுக்கும். ஒரு செயலி ஓப்பஸ் முறையைக் கொண்டதா என்று வினவுதல் நல்ல முதற் கேள்வி.

சுருக்கத்தின் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 32 கிலோபிட் அளவில் ஒரு மணி நேரம் ஒரு குரலை அனுப்ப, 14.4 மெகாபைட் செல்லும். பொதி ஒவ்வொன்றிலும் எழுதப்படும் முகவரி முதலியவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 22 ஆகும். படம் வேண்டுமெனின், விநாடிக்கு 1 மெகாபிட் என்று கொண்டாலும் மணிக்கு 450 மெகாபைட். இருபது மடங்கு! தொடர்பு மெலிந்த இடத்தில் படக்கருவியை அணைத்துவிடுதல், எந்தச் செயலியை மாற்றுவதைக் காட்டிலும் மிகுந்த பயன் தரும். முகம் காணாவிடின் மரியாதைக் குறைவு என்று கருதும் தலைவர்கள் இதனைச் சற்று எண்ணிப்பார்ப்பது நலம்.

தமிழ் பேசுவோர்க்கெனத் தனியே ஒரு கவலையும் உண்டு. நம் மொழியிற் பொருளைத் தீர்மானிக்கும் உறுப்புச் சொல்லின் இறுதியில் நிற்கிறது. ‘அனுப்ப வேண்டும்’, ‘அனுப்ப வேண்டாம்’ ஆகிய இரண்டும் கடைசி அசை வரை ஒன்றே. வருபவன் ஆணா பெண்ணா என்பதும் கடைசி ஒற்றில்தான் தெரியும். பேசுவோரிற் பலர் அவ்விறுதியைத் தாழ்த்தியே ஒலிப்பர். இரைச்சலை நீக்குவதற்கென்று செயலிகளில் வைக்கப்பட்டுள்ள வடிப்பான் மிகக் கடுமையாயிருந்தால், தாழ்ந்த அவ்விறுதியையும் இரைச்சலோடு சேர்த்து விழுங்கிவிடக்கூடும். செய்யுளை இசையோடு படித்துக்காட்டும்போது இத்தொல்லை பெருகும். இடையறாது ஒலிக்கும் சுருதிப்பெட்டியை மின்விசிறியின் இரைச்சலாகக் கொண்டு வடிப்பான் அகற்றிவிடும். ஆகவே அவ்வடிப்பானைக் குறைக்கவோ நிறுத்தவோ இடந்தரும் செயலியே தமிழாசிரியர்க்குப் பொருந்தும். ஸூம் செயலியில் மூல ஒலியை அப்படியே அனுப்பும் ஏற்பாடு ஒன்றுண்டு.

பலருடைய குரல்கள் எவ்வழியே செல்கின்றன என்பதையும் அறிதல் வேண்டும். பத்துப்பேர் நடுவில் நிலையம் எதுவுமின்றி நேருக்குநேர் இணைந்தால், ஒவ்வொருவர் கருவியும் தன் குரலை ஒன்பது படிகளாக அனுப்ப வேண்டும். மெலிந்த தொடர்பு அதனைத் தாங்காது. நடுவே ஒரு வழங்கி இருந்தால் ஒரு படி அனுப்பினாற் போதும். பிரித்தளிக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். நால்வருக்கு மேற்பட்ட குழு, வழங்கியுடைய செயலியையே நாடுதல் தக்கது.

இனிச் சில செயலிகளை நோக்குவோம். வாட்ஸ்அப் எல்லோர் கையிலும் உள்ளது. குழு அழைப்பில் 32 பேர் சேரலாம். பேச்சு இடைவழியில் எவரும் கேட்கவியலாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது. திடீரெனப் பேச வேண்டியதற்கு இது போதும். கூகிள் மீட், கல்வியமைச்சின் டெலிமா தளத்தின்வழி நம் ஆசிரியர்க்குக் கிடைத்த கணக்கிலேயே இயங்குவது; கணினியில் உலாவி ஒன்றிருந்தால் தனியே எதனையும் நிறுவ வேண்டுவதில்லை. கிழமைதோறும் நிகழும் கூட்டத்திற்கு யான் இதனையே பரிந்துரைப்பேன், படத்தை அணைத்துவிட்டு. ஸூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் முடிவுறும். பேச்சை வளர்ப்பவர்கள் நிறைந்த குழுவிற்கு அது குறையன்று. விளையாட்டாளர்க்கென்று 2015இல் தோன்றிய டிஸ்கார்டு, எப்போதும் திறந்திருக்கும் பேச்சறைகளை உடையது. அழைப்பு விடுக்காமலே உள்ளே சென்று அமர்ந்திருக்கலாம். மம்பிள் என்பது குரலுக்கென்றே எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். தாமதம் மிகக் குறைவு. ஆயின் வழங்கியை நாமே அமைத்துப் பேண வேண்டும். கணினி வல்லார் ஒருவர் குழுவில் இருந்து, மாற்றலாகிப் போகாமலும் இருந்தால் அதனை மேற்கொள்ளலாம்.

எதனைக் கொண்டாலும் குழுவின் குறிப்புகளையும் ஒலிப்பதிவுகளையும் அதற்குள்ளேயே பூட்டி வைத்தல் கூடாது. 2003இல் தொடங்கி உலகெங்கும் பெயர்பெற்ற ஸ்கைப், 2025 மே 5ஆம் நாள் மூடப்பட்டுவிட்டது.

கருவி பற்றி ஒரு சொல். கைப்பேசியின் ஒலிபெருக்கியைத் திறந்துவைத்துப் பேசினால், வெளிவரும் குரல் மீண்டும் ஒலிவாங்கிக்குட் புகுந்து எதிரொலியாகிறது. செயலி அதனை அடக்க முனையும்போது, இருவர் ஒருங்கே பேசினால் ஒருவர் குரல் அறுந்துபோகலாம். இயர்போன் இதனைத் தீர்க்கும். கம்பியுள்ள மலிவான இயர்போன், புளூடூத் வகையினும் பெரும்பாலும் மேலானது. புளூடூத் தானும் சிறிது தாமதத்தைச் சேர்க்கும்; பேசத் தொடங்கியதும் ஒலியின் அகலத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு.

இறுதியாகத் தேர்வு முறை. விளம்பரங்களை ஒப்பிடுவதைவிட, நமக்குக் கைவந்த சொல்வதெழுதுதலையே தேர்வாக வைக்கலாம். குழுவில் எவர் தொடர்பு மிக மெலிந்ததோ அவர் இருபது சொற்களைப் படிக்கட்டும்: ஒலி, ஒளி, ஒழி, மனம், மணம், வருவான், வருவாள், வேண்டும், வேண்டாம் என்றாற்போல. மற்றவர்கள் எழுதட்டும். பின்பு அவரே எழுத, வேறொருவர் படிக்கட்டும். இவ்வாறு ஒவ்வொரு செயலியிலும் சொற்களின் வரிசையை மாற்றிச் செய்து, பிழைகளை எண்ணிக்கொள்ளுங்கள். படிப்பவர் ழகரத்தை நேரிலேயே ஒலிப்பவரா என்பதை முன்னரே உறுதிசெய்துகொள்ளல் வேண்டும். அப்பிழையைச் செயலியின்மேற் சுமத்துதல் நேர்மையன்று. தேர்வைப் பகல் பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். இணையத்தில் நெரிசல் மிகுந்த இரவு எட்டு மணிக்கு, கூட்டம் எந்த இடத்திலிருந்து நடைபெறுமோ அவ்விடத்திலேயே அமர்ந்து நடத்துங்கள்.