படித்தது யார் காதில் விழுந்தது?



வேலைக்குப் பத்து நிமிடம் பிந்தி வந்த தொழிலாளியை முதலாளி தன் அறைக்கு அழைக்கிறார். "இன்னொரு முறை இப்படி நடந்தால் சீட்டுக் கிழியும்!" என்று உறுமுகிறார். ஆங்கிலேயன் இதை எப்படிச் சொல்வான் தெரியுமா? முதலாளி அவனுக்கு 'ரயட் ஆக்ட்' படித்தார் என்பான். கடுமையாகக் கண்டித்து எச்சரித்தார் என்பது பொருள். இன்று அது வெறும் பேச்சு வழக்கு. ஒரு காலத்தில் அது சாவோலை!

1715 ஆகஸ்ட் முதல் நாள் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது, ரயட் ஆக்ட் எனும் கலகச் சட்டம். பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ கூடி அமைதியைக் குலைப்பதாகக் கருதினால் மாஜிஸ்திரேட் வருவார். 'கலைந்து போங்கள்' என்று மன்னர் பெயரால் அறிவிப்பைப் படிப்பார். ஒரு மணி நேரம் தவணை. அதற்குமேலும் நின்றால் மரண தண்டனைக்குரிய குற்றம்! கலைக்கும்போது எவனாவது செத்தால்? கலைத்தவன் மீது குற்றமில்லை!

அறிவிப்பைச் சொல் பிசகாமல் படிக்கவேண்டும். 'மன்னரை ஆண்டவன் காப்பாராக' எனும் கடைசி வரியை விட்டுவிட்டதால் ஒரு வழக்கே நிற்காமல் போயிற்று. எழுத்துக்கு அத்தனை மதிப்பு! ஏழையின் உயிருக்கு?

1819 ஆகஸ்ட் 16. மான்செஸ்டர், செயின்ட் பீட்டர் திடல். சுமார் 60,000 பேர். நெசவாளர்கள், பெண்கள், பிள்ளைகள். கேட்டது என்ன? கஜானாவையா? கோட்டையையா? இல்லை, வாக்குரிமையை! சட்டத்தைப் படித்தோம் என்றனர் அதிகாரிகள். எங்கள் காதில் விழவில்லை என்றனர் மக்கள். ஒரு மணி நேரம் காத்திருந்ததா ஆட்சி? குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. 18 பேர் வரை மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். வாட்டர்லூ வெற்றியைப் பெருமை பேசியவர்களின் முகத்தில் அறைவதுபோல், அந்தப் படுகொலைக்கு 'பீட்டர்லூ' என்று பெயர் நிலைத்தது.

1919 ஜனவரி 31. கிளாஸ்கோ நகரம். வாரத்துக்கு 40 மணி நேர வேலை கேட்டு ஜார்ஜ் சதுக்கத்தில் தொழிலாளர் திரண்டனர். ஷெரிப் அதே சட்டத்தைப் படிக்கத் தொடங்கினார். கூட்டத்திலிருந்து நீண்ட கை அந்தக் காகிதத்தையே பறித்துக்கொண்டது!

1967-ல் இங்கிலாந்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1973-ல் சட்ட ஏட்டிலிருந்தே அடியோடு மறைந்தது. சட்டம் செத்தது, சொல் மட்டும் வாழ்கிறது.

சொல்லின் பொருளை அகராதி தரும். அதன் விலையை வரலாறுதான் தரும். எச்சரித்தோம் என்று எவர் சொன்னாலும், தோழர்களே, இரண்டு கேள்வி கேளுங்கள்: படித்தது மக்கள் காதில் விழுந்ததா? கலைந்து போக நேரம் தந்தீர்களா?