வயிற்று சி.டி. ஸ்கேன்: படம் எவ்வளவு தெளிவாக இருந்தால் போதும்?

மருத்துவ உதவி கேட்டு எங்களிடம் வரும் விண்ணப்பங்களோடு ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும் இணைந்து வருகின்றன. அவற்றைப் புரட்டும்போது ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒரே வயிற்று வலிக்கு ஒரே மாதத்தில் இரண்டு சி.டி. ஸ்கேன்! விசாரித்தால், "முதலில் எடுத்த டிஸ்க்கைக் காணோம்" என்கிறார்கள். அல்லது, "அந்தப் படம் பளிச்சென்று இல்லை, பெரிய மெஷினில் எடுத்துவிடலாம் என்று நினைத்தோம்" என்கிறார்கள். செலவான பணத்துக்காக வருந்துகிறார்களே தவிர, உடலுக்குள் இரண்டாம் முறை பாய்ந்த கதிர்வீச்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சி.டி. என்பதும் எக்ஸ்ரேதான். குழாய் உடலைச் சுற்றிச் சுழன்று பல கோணங்களில் கதிரைச் செலுத்த, கணினி அதைக் குறுக்குவெட்டுப் படங்களாக்குகிறது. மார்பு எக்ஸ்ரே ஒன்றில் சுமார் 0.1 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு என்றால், வயிறும் இடுப்பும் சேர்ந்த சி.டி.யில் சுமார் 8 முதல் 10 வரை. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நாம் பெறுவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 தான். 10 மில்லிசீவர்ட் ஸ்கேன் ஒன்றால் உயிரைப் பறிக்கும் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2000-இல் 1 என்ற அளவுக்குக் கூடலாம் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் மதிப்பீடு. இதைப் படித்துவிட்டு, விபத்தில் அடிபட்டவருக்கோ குடல் அடைப்பு என்று சந்தேகிக்கப்படுபவருக்கோ ஸ்கேன் வேண்டாம் என்று யாரும் மறுத்துவிடாதீர்கள். அங்கே ஸ்கேன் எடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து.

கதிரைக் குறைத்தால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தோன்றும். அந்தப் புள்ளிகளைப் பாதியாக்க வேண்டுமானால் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும். பளிச்சென்ற படத்துக்கு இதுதான் விலை. புதிய மெஷின்களின் மென்பொருள் இதை ஓரளவு ஈடுகட்டுகிறது, முழுவதுமாக அல்ல.

அப்படியானால் எவ்வளவு தெளிவு போதும்? எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. சிறுநீரகக் கல் சுற்றியுள்ள சதையைவிட மிக அடர்த்தியானது. புள்ளிகள் நிறைந்த படத்திலும் வெள்ளையாகத் தெரிந்துவிடும். அதனால் கல்லுக்கென்றே 3, 4 மில்லிசீவர்ட்டுக்குள் முடியும் குறைந்த அளவு ஸ்கேன் இருக்கிறது. மிகவும் பருமனானவர்களுக்கு மட்டும் அது சரிவராமல் போகலாம். கல்லீரலில் உள்ள சிறு கட்டியோ சுற்றியுள்ள சதையிலிருந்து இலேசாகத்தான் வேறுபடும். அங்கே கதிரைச் சிக்கனம் செய்தால் கட்டி புள்ளிகளுக்குள் மறைந்துவிடும். கதிர்வீச்சும் வாங்கி, நோயும் தெரியாமல் திரும்புவதைப் போன்ற நஷ்டம் வேறில்லை. சாய ஊசி போட்டு இரண்டு, மூன்று கட்டங்களாக எடுக்கும்போது ஒவ்வொரு கட்டமும் தனி ஸ்கேன். கதிரும் அதற்கேற்பக் கூடும். கல்லீரல் கட்டிக்கு அது தேவைப்படும், கல்லுக்குத் தேவையில்லை.

ஆகவே டாக்டர் எழுதித் தரும் சீட்டில் "வயிறு ஸ்கேன்" என்று மட்டும் இருந்தால், என்ன சந்தேகத்துக்காக என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள். அதைப் பார்த்துத்தான் ஸ்கேன் அறையில் அளவைத் தீர்மானிக்கிறார்கள். அல்ட்ராசவுண்டே போதுமா என்றும் கேட்கலாம். அதில் இத்தகைய கதிர்வீச்சே இல்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைக் கட்டாயம் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால்கூடக் கூச்சப்படாமல் முன்பே சொல்லிவிட வேண்டும். சாய ஊசி என்றால் சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, சாப்பிடும் சர்க்கரை மாத்திரை ஆகியவற்றையும் சொல்லுங்கள்.

மேசையில் படுத்தபின் மூச்சை அடக்கச் சொன்னால் அடக்கி, அசையாமல் இருங்கள். அசைந்தால் எவ்வளவு கதிர் செலுத்தினாலும் படம் கலங்கும், மறுபடியும் எடுக்க நேரும். காது மந்தமான பெரியவர்களுக்கு இதை வீட்டிலேயே சொல்லிப் பழக்கிக் கூட்டிப்போவது நல்லது.

எங்களுக்கு ரிப்போர்ட்டின் நகல் போதும். டிஸ்க்கை விண்ணப்பத்தோடு வைத்து எங்களிடம் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த டாக்டரிடம் போகும்போது அதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.