புதையல் வேட்டைக்குப் போகிறீர்களா? முதலில் வழியை வகுத்துக் கொள்ளுங்கள்!

தங்கம் இல்லை; வைரம் இல்லை. ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஒரு நோட்டு, ஒரு பென்சில், சில விளையாட்டுச் சாமான்கள். அவ்வளவுதான்!

இந்த டப்பாவைத் தேடி உலகம் எங்கும் ஏராளமான மக்கள் அலைகிறார்கள். கண்டுபிடித்ததும் நோட்டில் பெயரை எழுதுகிறார்கள். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்த விளையாட்டுக்கு "ஜியோகேச்சிங்" என்று பெயர். தமிழில் "பூமிப் புதையல் வேட்டை" என்று சொல்லலாம்.

வேட்டையில் டப்பாவைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். எந்த டப்பாவுக்கு முதலில் போவது, எதற்குக் கடைசியில் போவது என்று தீர்மானிப்பதுதான் மீதிப் பாதி. அதில் தவறினால் பெட்ரோல் வீண், பொழுதும் வீண். மலையடிவாரத்தில் இருட்டிலும் மாட்டிக் கொள்ள நேரும்!

எப்படித் தொடங்கியது?

பூமியைச் சுற்றி வரும் செயற்கைக் கோள்கள், "நீ நிற்கும் இடம் இதுதான்" என்று காட்டுகின்றன. இந்த ஏற்பாட்டுக்கு ஜி.பி.எஸ். என்று பெயர். இது அமெரிக்க ராணுவம் அமைத்தது. பொது மக்களின் கருவிகளுக்கு வரும் செய்தியில், வேண்டுமென்றே சிறிது பிழையைக் கலந்து அனுப்பினார்கள். அதனால் 100 மீட்டர் வரை தவறு வந்தது.

2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் இந்தப் பிழை நீக்கப்பட்டது. உடனே டேவ் உல்மர் என்பவர் ஒரு காரியம் செய்தார். மே 3-ந் தேதி ஒரிகன் மாநிலத்துக் காட்டுப் பகுதியில் ஒரு வாளியை ஒளித்து வைத்தார். அது இருக்கும் இடத்தின் எண்களை ஊரறிய வெளியிட்டார். மூன்றே நாளில் இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்து விட்டார்கள்! இன்று உலகில் 30 லட்சத்துக்கும் அதிகமான டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன.

உடுமலையில் ஒரு நாள்

உடுமலைப்பேட்டையில் இருந்து ஒரு குடும்பம் வேட்டைக்குக் கிளம்புகிறது என்று வைத்துக் கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். கையில் ஒரு ஜி.பி.எஸ். கருவி. தேட வேண்டிய டப்பாக்கள் மூன்று. கணக்குக்காக அவற்றை நாமே கற்பனையில் ஒளித்து வைப்போம்.

ஒன்று, தென்மேற்கே திருமூர்த்தி மலை அடிவாரத்தில். இரண்டு, தெற்கே அமராவதி அணைப் பூங்காவின் பக்கம். மூன்று, தென்கிழக்கே அமராவதி ஆற்றங்கரையில் உள்ள கொழுமத்தில்.

மூன்று இடங்களுக்கு எத்தனை விதமாகப் போகலாம்? ஆறு விதமாகப் போகலாம். இடங்கள் ஐந்து ஆனால் 120 விதம். பத்து ஆனால் 36,28,800 விதம்! எல்லாவற்றையும் மனக்கணக்காகப் பார்க்க முடியுமா? முடியாது.

மேதைகளையும் மலைக்க வைத்த கணக்கு

இது வெறும் விளையாட்டுக் கணக்கு அல்ல. வங்காளத்தில் சணல் பயிரான பரப்பைக் கணக்கெடுத்தபோது பேராசிரியர் மகலனோபிசுக்கும் இதே கேள்வி வந்தது. ஊழியர்கள் பல வயல்களுக்கும் போய் வர வேண்டும். ஒரு வயலில் இருந்து இன்னொரு வயலுக்குப் போகும் செலவு எவ்வளவு? அதையும் அவர் கணக்கில் சேர்த்தார். 1940-ல் அதைப் பற்றி எழுதினார்.

1954-ல் டான்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் என்ற மூன்று அறிஞர்கள் அமெரிக்காவில் 49 நகரங்களை எடுத்துக் கொண்டார்கள். எல்லா நகரங்களையும் சுற்றி வர மிகக் குறுகிய வழி எது என்று கண்டுபிடித்தார்கள். கணித உலகம் அதைப் பெரிய சாதனை என்று கொண்டாடியது.

ஆனால், ஊருக்குள் தினமும் சுற்றும் தபால்காரரும் பால்காரரும் இந்தக் கணக்கை அனுபவத்தால் போடுகிறவர்கள்தானே? நாமும் போடலாம்.

புளியங்கொட்டையும் நூலும்

ஒரு வரைபடத்தை மேஜை மேல் விரியுங்கள். போக வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள். வீட்டுக்கும் ஒன்று. ஒரு நூலை எடுத்து, வீட்டில் தொடங்கி எல்லாக் கொட்டைகளையும் தொட்டு, வீட்டிலேயே கொண்டு வந்து முடியுங்கள்.

நூல் தன்னைத் தானே எங்காவது வெட்டிக் கொள்கிறதா? அப்படியானால் அதைவிடக் குறுகிய வழி இருக்கிறது என்று அர்த்தம். முடிச்சை அவிழ்த்து, வெட்டாத வளையமாகப் போடுங்கள்.

உடுமலைக் குடும்பம் முதலில் திருமூர்த்தி மலை, அடுத்து கொழுமம், கடைசியில் அமராவதி என்று புறப்பட்டால் நூல் குறுக்கே வெட்டும். மேற்கில் இருந்து கிழக்கே ஓடி, மறுபடி தெற்கே இறங்க வேண்டும். திருமூர்த்தி மலை, அமராவதி, கொழுமம் என்று போனால் வெட்டாது. தளி, குறிச்சிக்கோட்டை வழியாக அமராவதி, அங்கிருந்து கல்லாபுரம் வழியாகக் கொழுமம், பிறகு வீடு. அழகான வளையம்!

தூரம் ஒன்று, பொழுது வேறு

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வளையத்தை வலமாகச் சுற்றினாலும் இடமாகச் சுற்றினாலும் தூரம் ஒன்றுதான். அப்படியானால் எந்தப் பக்கம் போனால் என்ன?

கொழுமத்தில் தொடங்கிச் சுற்றினால், திருமூர்த்தி மலை அடிவாரம் மாலை நேரத்துக்கு வரும். மலையை ஒட்டிய பகுதி ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. யானைகள் நடமாடும் இடம். அமராவதி நகரைத் தாண்டி மூணாறு செல்லும் சாலையில் ஒன்பதாறு சோதனைச் சாவடி இருக்கிறது. இரவில் அங்கே வாகனங்களை விடுவதில்லை. பிள்ளைகளை வைத்துக் கொண்டு இருட்டும் நேரத்தில் காட்டோரம் நிற்கலாமா?

ஆகவே காட்டை ஒட்டிய இடங்களைக் காலையில் முடிக்க வேண்டும். வயல்வெளி ஊரான கொழுமத்தைக் கடைசிக்கு வைத்துக் கொள்ள வேண்டும். காலை 7 மணிக்குப் புறப்பட்டால் 8 மணிக்குள் திருமூர்த்தி மலை. 11 மணிக்குள் அமராவதி. அங்கே பூங்காவில் கட்டுச்சோறு; பிள்ளைகளுக்கு முதலைப் பண்ணை. 3 மணிக்குக் கொழுமம். 5 மணிக்கு வீடு!

கருவியின் அம்பை நம்பலாமா?

கருவியில் ஓர் அம்பு தெரியும். டப்பா இருக்கும் திசையை அது காட்டும். "இன்னும் 300 மீட்டர்" என்று தூரத்தையும் சொல்லும். ஆனால் அது காக்கை பறக்கும் தூரம். மனிதன் நடக்கும் தூரம் அல்ல!

உடுமலை வட்டாரத்தில் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால்கள் ஓடுகின்றன. டப்பா எதிர்க்கரையில் இருந்தால் அம்பு தண்ணீருக்குக் குறுக்கேதான் காட்டும். அதை நம்பி இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பாலம் எங்கே என்று பார்த்துச் சுற்றித்தான் போக வேண்டும். வழியை வகுக்கும்போதே பாலங்களையும் குறித்துக் கொள்வது புத்திசாலித்தனம்.

இன்னொரு விஷயம். திறந்த வெளியில் கருவி சுமார் 5 மீட்டருக்குள் சரியாகக் காட்டும். மரத்தடியிலும் மலை இடுக்கிலும் பிழை கூடும். அங்கே போனதும் கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுவதே மேல்.

எண்களைக் கருவியில் ஏற்றும்போதும் கவனம் வேண்டும். பாகை, கலை, கலையின் பின்னம் என்று எண்கள் இருக்கும். கலையின் கடைசிப் பின்னத்தில், அதாவது மூன்றாம் தசம இடத்தில், ஒன்று மாறினால் சுமார் 2 மீட்டர் மாறும். முழுக் கலையே ஒன்று மாறினால் 1,850 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள்! ஒருவர் படிக்க, இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது.

புறப்படும் முன்பு

* முதல் நாள் இரவே எல்லா இடங்களையும் வரிசைப்படி கருவியில் ஏற்றி விடுங்கள். காட்டோரத்தில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காமல் போகலாம்.

* கருவிக்கு மாற்றுப் பென்டார்ச் செல்கள் இரண்டு எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு தாளிலும் வழியை எழுதிக் கொள்ளுங்கள்.

* வண்டியை விட்டு இறங்கியதும், வண்டி நிற்கும் இடத்தைக் கருவியில் பதியுங்கள். திரும்பி வர அதுதான் துணை.

* ஓர் இடத்தில் 30 நிமிடம் தேடியும் கிடைக்கவில்லையா? விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். ஒரு டப்பாவின் பிடிவாதத்தால் நாள் முழுவதும் கெடக் கூடாது.

* காட்டுக்குள் அனுமதி இன்றி நுழையாதீர்கள். டப்பா வைப்பதானாலும் இடத்துக்கு உரியவரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது. மோப்பம் பிடித்து விலங்குகள் வரும்.

* மலையில் மழை என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். பஞ்சலிங்க அருவியில் திடீரென்று வெள்ளம் வரும்.

டப்பாவில் இருந்து ஒரு பொருளை எடுத்தால், அதே மதிப்புள்ள பொருள் ஒன்றை வைக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் சட்டம். பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள். பெரியவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. மூன்று டப்பாக்களில் இரண்டுதான் கிடைத்தாலும், பொழுது சாயும் முன் குடும்பம் வீடு வந்து சேர்ந்துவிட்டால் அன்றைய வேட்டை வெற்றிதான்!